பனியன் துணியில் முதல் கவுன்: துணி வாங்குவதிலிருந்து அடி மடிப்பு வரை

ஜாக்கெட்டும் சுடிதாரும் நன்றாகத் தைக்கிறவர்கள்கூடப் பனியன் துணியைக் கையில் எடுத்ததும் தடுமாறுவதை ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கிறேன். என் வீட்டுக்குத் தையல் பழக வருகிறவர்களில் பலர் என்னைவிட நேர்த்தியாக ஜாக்கெட் தைப்பார்கள். சிக்கல் அதில்தான். ஜாக்கெட் துணியில் பழகிய கை, துணியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டே தைக்கும். நெய்த துணி அதைப் பொறுத்துக்கொள்ளும், பின்னல் துணியான பனியன் துணி பொறுக்காது. இன்னொன்று, கெட்டுப்போன கவுன்களில் பெரும்பாலானவை மிஷினுக்கு வரும் முன்பே கெட்டவை. அதனால் இந்த வழிகாட்டியில் முதல் ஐந்து படிகளில் மிஷினை ஓட்டும் வேலையே இல்லை. அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

தைக்கப்போவது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இறங்கும் ஏ-லைன் கவுன், அதாவது கீழே போகப் போக விரியும் கவுன். வட்டக் கழுத்து, முக்கால் கை. ஜிப், பட்டன், டார்ட் எதுவும் இல்லை. முன் பக்கம், பின் பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று நான்கே துண்டுகள். இடுப்பில் வெட்டு வைத்த மாடல் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் கீழ்ப் பாதியின் எடை அந்த இடுப்புத் தையலை இழுக்கும். அதை இரண்டாவது கவுனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஊசிதான் முக்கியம். சாதாரண ஊசியின் முனை கூர்மையானது, பின்னலின் கண்ணிகளைக் குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. நாலு முறை துவைத்த பிறகு தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். பால் பாயிண்ட் ஊசியின் முனை மழுங்கலாக இருப்பதால் கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். 11 நம்பர் போதும். லைக்ரா அதிகம் கலந்த துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஸ்ட்ரெட்ச் ஊசிக்கு மாறுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் மிஷினின் பழைய ஊசியைக் கழற்றி எடுத்துப் போங்கள். ஊசியின் தண்டு மிஷினுக்கு மிஷின் மாறும், ஒன்றின் ஊசி இன்னொன்றில் உட்காராது.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூலுக்கு நெகிழ்வு குறைவு, துணி விரியும்போது பட்டென்று அறும். பாபினில் நூல் சுற்றும்போது மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் பாலியெஸ்டர் நூல் இழுபட்ட நிலையில் பாபினில் உட்காரும். தைத்த பிறகு அது பழைய நீளத்துக்குச் சுருங்க, தையலும் கூடவே சுருங்கும்.

இவற்றோடு தோளுக்கு அரை மீட்டர் மொபிலான் டேப் (கண்ணாடி மாதிரி மெல்லிய எலாஸ்டிக், தையல் சாமான் கடைகளில் கிடைக்கும்), துணி கிளிப், சாக்பீஸ், அளக்கும் டேப், தையல் பிரிக்கும் ஊசி, ஆவி வரும் அயர்ன் பாக்ஸ்.

ஓவர்லாக் மிஷின் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். நெய்த துணி மாதிரி இதில் ஓர நூல் உதிராது. சிக்சாக் தையல் உள்ள வீட்டு மிஷின் போதும். நேர்தையல் மட்டுமே உள்ள மிஷினிலும் முடியும், அதற்கான வழியை 6-வது படியில் சொல்கிறேன்.

2. துணி வாங்குதல்

முதல் கவுனுக்கு 220 ஜி.எஸ்.எம். அளவில் லைக்ரா கலந்த பருத்தி இன்டர்லாக் வாங்குங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். இன்டர்லாக்கின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வெட்டிய ஓரம் சுருளாது. டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்சியை வெட்டினால் ஓரம் பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். புதிதாகத் தைக்கிறவருக்கு அதோடு மல்லுக்கட்டவே நேரம் போதாது. விஸ்கோஸ் லைக்ரா உடம்பில் அருமையாக விழும், ஆனால் மேசையில் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கடையிலேயே இழுவையைச் சோதியுங்கள். துணியின் அகலவாக்கில் மடித்து 4 இஞ்ச் பிடித்து, வலிக்காமல் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு இழுங்கள். 5 இஞ்ச் வந்தால் 25 சதவீத இழுவை, 6 வந்தால் 50 சதவீதம். உங்கள் பேட்டர்ன் (துண்டுகளை வெட்ட வைத்துக்கொள்ளும் அளவுத் தாள்) கேட்கும் இழுவைக்குக் குறைவான துணியை எவ்வளவு பிடித்தாலும் வாங்காதீர்கள், தலையே நுழையாமல் போகலாம். கையை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாத துணியில் தைத்த கவுன், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் பின்னால் பை மாதிரித் தொங்கும்.

திருப்பூரில் பனியன் துணி கிலோ கணக்கில்தான் விற்கிறது. 'எத்தனை மீட்டர் வேண்டும்' என்று யோசித்துப் போனவர்கள் தராசைப் பார்த்து முழிப்பார்கள். கணக்கு எளிது. 60 இஞ்ச் அகலத் துணி என்றால் 1.52 மீட்டர். 42 இஞ்ச் நீள கவுனுக்கும் முக்கால் கைக்கும் 1.8 மீட்டர் நீளம் தேவை. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 2.74 சதுர மீட்டர். அதை 220-ஆல் பெருக்கினால் சுமார் 600 கிராம். சுருக்கத்துக்கும் சோதனை பிட்டுக்கும் சேர்த்து முக்கால் கிலோ கேளுங்கள்.

குழாய் வடிவில் வரும் துணியானால் இரண்டு பக்கமும் மடிப்புக் கோடு அழுத்தமாக விழுந்திருக்கும். சில கோடுகள் எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. அந்தக் கோடு கவுனின் நடு நெஞ்சில் வராதபடி குழாயைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

3. துவைத்து, ஆறவிடுதல்

துணியில் ஒரு மூலையில் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, நான்கு முனையிலும் நூலால் ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு கவுனை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவையுங்கள். காய்ந்ததும் அளங்கள். 50 என்பது 47 ஆகியிருந்தால் 6 சதவீதம் சுருங்கியிருக்கிறது. துவைக்காமல் 42 இஞ்ச் கவுன் தைத்திருந்தால் இரண்டரை இஞ்ச் குறைந்திருக்கும். என் முதல் கவுன் அப்படித்தான் முழங்காலுக்கு மேலே ஏறியது. தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடாதீர்கள், ஈரத்தின் எடை துணியை நீளவாக்கில் இழுத்துவிடும். இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்துக் காயவையுங்கள். காய்ந்த பிறகு ஓர் இரவு மேசையிலோ பாயிலோ பரப்பிவையுங்கள். சுருட்டி வைத்த துணி இழுபட்டிருக்கும், அதை உடனே வெட்டினால் வெட்டிய துண்டு பிறகு தன்னிஷ்டத்துக்குச் சுருங்கும். பனியன் கம்பெனிகளிலும் ரோலைப் பிரித்துப் போட்டு ஆறவிட்ட பிறகுதான் கட்டிங்குக்கு எடுப்பார்கள்.

4. பேட்டர்னும் சைஸும்

வீட்டில் பிரிண்ட் எடுக்கும் பேட்டர்னாக இருந்தால் முதல் பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து ஸ்கேல் வைத்து அளங்கள். பிரிண்டர் 'பக்கத்துக்குள் பொருத்து' என்ற அமைப்பில் இருந்தால் எல்லாம் கொஞ்சம் சிறிதாகிவிடும். 100 சதவீத அளவில்தான் எடுக்க வேண்டும். இருபது தாளை ஒட்டி முடித்த பிறகு இது தெரிந்தால் அழுகை வரும்.

சைஸை மார்புச் சுற்றளவை வைத்துத் தேர்ந்தெடுங்கள், கடையில் நீங்கள் வாங்கும் சைஸை வைத்து அல்ல. ஜாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும் உடம்பளவோடு தாராளமாகச் சேர்த்துப் பழகியவர்கள் இங்கும் அதையே செய்வார்கள். தேவையில்லை. மார்பு 36 இஞ்ச் என்றால், தைத்து முடித்த கவுனின் மார்பளவு 36 முதல் 38 வரை இருந்தால் போதும். மூச்சு விடுவதற்கான இடத்தைத் துணியின் இழுவையே கொடுக்கும். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் இறங்கி நைட்டி மாதிரி ஆகிவிடும்.

தையலுக்கு விட வேண்டிய துணி பேட்டர்னில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பனியன் பேட்டர்ன்களில் 3/8 இஞ்ச் சேர்த்தே இருக்கும். நீங்களும் பழக்கத்தில் ஓர் இஞ்ச் சேர்த்துவிடாதீர்கள்.

5. வெட்டுதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். துணியின் மேல் பக்கத்தை உற்றுப் பாருங்கள். ஆங்கில 'V' எழுத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மாதிரி மெல்லிய வரிகள் நீளவாக்கில் ஓடும். கம்பெனிகளில் இதை வேல்ஸ் என்பார்கள். பேட்டர்னில் உள்ள அம்புக்குறி இந்த வரியோடுதான் ஒத்துப்போக வேண்டும், துணியின் ஓரத்தோடு அல்ல. பனியன் துணியில் ஓரமும் வரியும் ஒன்றுபோல ஓடும் என்று நம்ப முடியாது. வரி சாய்ந்தபடி வெட்டினால் நாலு முறை துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னால் திரும்பி வந்து நிற்கும். வரி தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு வரி நெடுகச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அகலவாக்கு இழுவை உடம்பைச் சுற்றி வர வேண்டும். துணியின் இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடித்தால் இரண்டு மடிப்புகள் கிடைக்கும். ஒன்றில் முன் பக்கம், இன்னொன்றில் பின் பக்கம். அவற்றுக்குக் கீழே கைகள்.

துணி மேசைக்கு வெளியே தொங்கக் கூடாது. தொங்கும் பாகத்தின் எடை மேலே உள்ளதை இழுக்கும், நீங்கள் இழுபட்ட துணியை வெட்டுவீர்கள். மேசை சிறியது என்றால் தரையில் வெட்டுங்கள், நான் இன்னமும் கூடத்துத் தரையில்தான் வெட்டுகிறேன். குண்டூசிக்குப் பதில் தோசைக்கரண்டி, டம்ளர் என்று எதையாவது கனமாக வைத்துத் தாளை அழுத்திக்கொள்ளலாம்.

அடையாள வெட்டுகளை விட்டுவிடாதீர்கள். கையின் வளைவில் ஒற்றை வெட்டு முன் பக்கம், இரட்டை வெட்டு பின் பக்கம். வெட்டு 1/8 இஞ்சைத் தாண்டக் கூடாது. கழுத்துப் பட்டியை மட்டும் இப்போது வெட்டாதீர்கள்.

6. பிட்டில் தைத்துப் பார்த்தல்

வெட்டி மிஞ்சிய பிட்டு இரண்டை அகலவாக்கில் சேர்த்துத் தையுங்கள். சிக்சாக் அகலம் 1, நீளம் 2.5. தைத்ததை இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அல்லது அகலத்தை 1.5 ஆக்குங்கள்.

தையல் அலையலையாக வந்தால் முதலில் ஆவி வைத்து அழுத்திப் பாருங்கள். படிந்துவிட்டால் கவலை இல்லை. படியவில்லை என்றால் மிஷின் பாதம் துணியை அதிகமாக அழுத்துகிறது. அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் மிஷினில் இருந்தால் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் துணிக்கு அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

ஆரம்பத்திலேயே துணி ஊசித்தட்டின் ஓட்டைக்குள் போய்ச் சிக்குகிறதா? சின்ன பிட்டு ஒன்றில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் அப்படியே கவுன் துணிக்கு ஓட்டிவிடுங்கள்.

நேர்தையல் மிஷின் வைத்திருக்கிறவர்களுக்கு: தையல் நீளத்தை 2 ஆகக் குறைத்து, துணியைப் பாதத்துக்கு முன்னும் பின்னும் சம பலத்தில் லேசாக விறைப்பாகப் பிடித்துத் தையுங்கள். அந்த விறைப்பு தையலுக்குள் கொஞ்சம் கூடுதல் நூலை விட்டுவைக்கும். பின்னால் மட்டும் இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் முட்டும். சிக்சாக்கில் தைக்கிறவர்கள் இப்படி விறைப்பாகப் பிடிக்கவே வேண்டாம், துணிக்கு வழி மட்டும் காட்டுங்கள். பிட்டில் சரியாக வரும்வரை கவுனைத் தொடாதீர்கள்.

7. தோள்

கவுனின் மொத்த எடையும் தொங்குவது இந்த இரண்டு தையலில்தான். மொபிலான் டேப் வைக்காவிட்டால் மாதம் போகப் போகத் தோள் நீண்டு கை இறங்கும். டேப்பைத் துணியை அளந்து வெட்டாதீர்கள், பேட்டர்ன் தாளில் உள்ள தோளை அளந்து வெட்டுங்கள். துணி இதற்குள் நீண்டிருக்கலாம், தாள் நீளாது. பின் பக்கத் துண்டின்மேல் டேப்பை இழுக்காமல் படுக்கவைத்து, மூன்றையும் சேர்த்துத் தையுங்கள். டேப்பை இழுத்துத் தைத்தால் தோள் சுருக்குப் பை ஆகிவிடும்.

8. கழுத்துப் பட்டி

கவுன் கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறதா, வீட்டில் தைத்தது மாதிரி இருக்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும். அவசரமில்லாத ஒரு நாளில் செய்யுங்கள்.

பேட்டர்னில் பட்டியின் நீளம் கொடுத்திருந்தாலும் நான் அதை நம்புவதில்லை. உங்கள் துணியின் இழுவை அவர்கள் துணியின் இழுவையாக இருக்காது. தோள் தைத்த பிறகு கழுத்தைத் தட்டையாக வைத்து, ஓரத்தை விட்டுத் தையல் விழப்போகும் கோட்டில் அளங்கள். 24 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். அதில் 85 சதவீதம் 20.4. இரு முனைத் தையலுக்கு முக்கால் இஞ்ச் சேர்த்தால் 21.15, சுமார் 21 கால் இஞ்ச். பட்டியின் அகலம் 2 கால் இஞ்ச். மடித்துத் தைத்த பிறகு வெளியே முக்கால் இஞ்ச் தெரியும். அதிக இழுவை உள்ள திசை பட்டியின் நீளவாக்கில் வர வேண்டும்.

முனைகளைச் சேர்த்து வளையமாக்குங்கள். தலைக்குள் விட்டு இப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு நீளவாக்கில் மடித்து அயர்ன் செய்து, நான்கு சம பாகத்துக்கு அடையாளம் வையுங்கள்.

அடுத்தது எல்லோரும் தவறும் இடம். கழுத்தையும் நான்கு சம பாகமாக்க வேண்டும், ஆனால் தோள் தையல்கள் கால் பாகத்தில் வராது. முன் கழுத்து பின் கழுத்தைவிட நீளம். நடு முன்னையும் நடுப் பின்னையும் சேர்த்துப் பிடித்தால் இரு பக்கமும் கழுத்து மடியும் இடம்தான் கால் பாகம், அது தோளுக்கு முன்னால் விழும். தோளை அடையாளமாக வைத்துத் தைத்தால் முன்னால் பட்டி நெருக்கமாக இழுத்துக்கொள்ள, பின்னால் தொளதொளவென்று நிற்கும்.

பட்டியின் இணைப்பைப் பின் நடுவில் வைத்து நான்கு இடத்திலும் கிளிப் போடுங்கள். பட்டி மேலே, கவுன் கீழே. ஒவ்வொரு கால் பாகத்திலும் பட்டியை மட்டும் கழுத்தின் நீளத்துக்கு இழுங்கள். கழுத்தை இழுக்கவே கூடாது. முதலில் நீளத் தையலில் ஒரு சுற்று ஓட்டி, கவுனைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். பட்டி உடம்பில் படியாமல் நிமிர்ந்து நின்றால் பட்டி நீளம், பிரித்து அரை இஞ்ச் குறையுங்கள். பட்டிக்குக் கீழே கவுன் சுருங்கினால் பட்டி குட்டை, புதிதாக வெட்டுங்கள். சரியாக இருந்தால் அதன்மேல் சிக்சாக் ஓட்டுங்கள்.

அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுங்கள். ஆவி பட்டதும் பட்டி படிந்துவிடும். தையல் துணியைக் கவுன் பக்கம் திருப்பி, பட்டியை ஒட்டி வெளியிலிருந்து ஒரு மெல்லிய சிக்சாக் விட்டால் துவைத்த பிறகும் புரளாது.

9. கை

பக்கம் தைக்கும் முன் கையை வைத்துவிடுங்கள். துணி தட்டையாக இருக்கும்போது தைப்பது குழாயாக்கிய பிறகு தைப்பதைவிட மிக எளிது. ஒற்றை வெட்டு முன்னால் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். கையின் வளைவு கவுனின் வளைவைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் கைத் துண்டைக் கீழே வைத்துத் தையுங்கள். மிஷினின் பல் கீழ்த் துணியைச் சற்று அதிகமாக உள்ளே இழுக்கும், அந்த மிச்சம் தானாகவே அடங்கிவிடும்.

10. பக்கத் தையல்

முதலில் அக்குளில் இரு தையலும் சந்திக்கும் இடத்தில் கிளிப். மேல் தையல் துணியை ஒரு பக்கமும் கீழ்த் தையல் துணியை எதிர்ப் பக்கமும் மடக்கினால் அங்கே தடிப்புத் தெரியாது. நீளத் தையலில் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். மார்பின் குறுக்கே கோடு கோடாக இழுத்தால் இறுக்கம். பேட்டர்னில் இருப்பது 3/8 இஞ்ச்தான், விட்டுக்கொடுக்க அதிகம் இல்லை. அதனால்தான் 4-வது படியில் அளவைப் பற்றி அவ்வளவு சொன்னேன். தொளதொளப்பாக இருந்தால் இரு பக்கமும் சமமாக உள்ளே எடுங்கள். பிறகு கவுனின் அடியிலிருந்து கையின் முனைவரை ஒரே ஓட்டமாகச் சிக்சாக்.

11. தொங்கவிட்டு, அடி மடித்தல்

கவுனை ஹேங்கரில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். ஏ-லைனில் பக்கங்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் அங்கே துணி கூடுதலாக இறங்கும். தைத்த அன்றே மடித்தால் அடுத்த வாரம் இரு பக்கமும் வால் மாதிரித் தொங்கும். மறுநாள் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள், வேறொருவரைத் தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வைத்தால் குனியும்போது கவுனும் ஏறிவிடும்.

ஓர் இஞ்ச், ஒரே மடிப்பு. இரட்டை மடிப்பு இங்கே வேண்டாம், தடித்து விறைத்து நிற்கும். நூல் உதிராத துணிக்கு அது தேவையும் இல்லை. ஆவி வைத்து மடிப்பைப் படியவைத்த பிறகு, 4 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இரட்டை ஊசியில் வெளிப்பக்கத்திலிருந்து தையுங்கள். சிக்சாக்கை நேர்தையலுக்கு மாற்றிவிட்டீர்களா என்று பார்த்த பிறகே மிதியுங்கள், மறந்தால் ஊசி உடைந்து தெறிக்கும். முதல் தையலைக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. இரு வரிக்கு நடுவே துணி வரப்பு மாதிரி எழும்பினால் மேல் டென்ஷனைக் குறையுங்கள்.

இரட்டை ஊசி போட முடியாத மிஷின் என்றால் கையால் தையுங்கள். உள்பக்கமாகப் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்கும் தைத்து, வெளித் துணியில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் வெளியே ஒன்றும் தெரியாது, துணியோடு சேர்ந்து விரியவும் செய்யும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். என்னைக் கேட்டால் இரட்டை ஊசியைவிட இதுதான் அழகு, மிஷின் இருந்தும் நல்ல கவுனுக்கு இப்படித்தான் மடிக்கிறேன்.

கை முனைக்கும் இதே முறை. அப்புறம், துவைத்த கவுனை அலமாரியில் ஹேங்கரில் மாட்டாதீர்கள், மடித்து வையுங்கள்.